ஆணி அடிக்காத இஸ்தோப்பு

ஆய்வாளர் கலாநிதி ரெஜினா அந்தோனி அவர்கள் காலமான செய்தி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு வந்தது. தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் பேசியவர் அவருடைய அப்பா, அந்தோனி ஐயா. தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் காலமெல்லாம் பால் வெட்டியவர். கத்திப் பேசினால்தான் போனில் கேட்கும் என்று நம்புகிறவர். அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

“தம்பி, புள்ள போயிருச்சி. பூசைக்குப் போயிட்டு வந்துச்சி, பிளேன்டீ ஊத்தச் சொல்லிச்சி, ஊத்திக்கிட்டு வர்றதுக்குள்ள சாஞ்சிருச்சி. நெஞ்சுன்னு டாக்டர் சொன்னாரு.”

தட்டைத் தள்ளி வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

“இன்னொன்னு தம்பி. இன்னிக்கி கொழும்புக்குப் போயி டப்பாவுல இருக்குற புள்ளைங்களுக்கு சாப்பாடு போடணும்னு காலையில இருந்து சொல்லிக்கிட்டே இருந்துச்சி. அது யாருன்னு எனக்கு வெளங்கல. நீங்க கொஞ்சம் பாருங்க.”

அந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். மனிதத் தோலிலிருந்து எடுத்த உயிருள்ள கலங்கள், அதாவது செல்கள், அவை. கொழும்பில் எங்கள் ஆய்வுகூடத்தில், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு பெட்டிக்குள், ரெஜினா தம் கையால் செய்த ஜெல்லுக்குள் புதைந்து கிடந்தன. பழைய சத்துநீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். அதைத்தான் அவர் சாப்பாடு என்பார். நான் என் சோற்றை மூடி வைத்துவிட்டு த்ரீவீலர் பிடித்தேன். வழியெல்லாம் அழுதேன். சாரதி ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார்.

அழுததை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி இந்தக் கட்டுரையில் அழுவதாக இல்லை. ரெஜினாவை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. அவரை அறிந்த எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். அறியாதவர்களும் அவரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

ரெஜினா ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் வாடையே ஆகாது என்று ஜெல் ஆராய்ச்சிக்குப் போனவர். நான் ஓப்பநாயக்கப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் ஆராய்ச்சிக்கு வந்தவன். விதி எங்கள் இருவருக்கும் ஒரே நீள மேசையைக் கொடுத்தது. ஒரு முனையில் நான், மறுமுனையில் அவர். வந்த முதல் நாளே என் முனையிலிருந்து வந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இதுக்காகவாங்க நான் இம்புட்டுத் தூரம் படிச்சி வந்தேன்? பேசாம லயத்துலயே இருந்திருப்பேனே!”

அந்தப் பேச்சைக் கேட்டதும் ஊர் எது என்று கேட்டேன். இருவரும் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டம் என்று தெரிந்ததும் அவருக்கு நான் அண்ணன் ஆனேன். அந்தச் சலுகையைப் பயன்படுத்தி அவர் என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை.

எங்கள் சண்டை ஒரே விஷயத்தைப் பற்றியது. ரப்பருக்குக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிடித்தால் பிடித்ததுதான், விடாது. அதனால்தான் டயர் டயராக இருக்கிறது. ரெஜினாவின் பொருள் அதற்கு நேரெதிர். முக்கால்வாசிக்கு மேல் வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஒரு வலை தாங்கி நிற்கும். வலையின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாகப் பிடிக்கும், விடும், பக்கத்தில் இருப்பதைப் பிடிக்கும். சுப்ராமொலிகியூலர் ஹைட்ரோஜெல் என்று அதற்குப் பெரிய பெயர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பிடி பலமுறை விட்டுப் பிடித்திருக்கும் என்று நான் கிண்டல் செய்வேன்.

“புடிக்கிறதும் விடுறதுமா இருந்தா அது என்னங்க பொருளு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“உங்க கைய அமுக்கிப் பாருங்க அண்ணே. டயராவா இருக்கு?” என்றார்.

அமுக்கிப் பார்த்தேன். டயராக இல்லை. நம் உடம்பின் தோல், தசை போன்ற இழையங்களும் ஈரமான வலைகள்தான், அழுத்தினால் கொஞ்சம் இடம் கொடுத்து மறுபடி சேர்ந்துகொள்ளும் என்று அவர் விளக்கினார். அந்த வலைக்குள் இருக்கும் கலம் சுவரைத் தள்ளும், சுவர் நகரும், கலம் கையை நீட்டிப் பரவும். அப்படிப் பரவினால்தான் புண் ஆறும், தோல் வளரும். அதே கலத்தை விடாப்பிடியான ஜெல்லுக்குள் வைத்தால், தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சுருண்டு உருண்டையாகிவிடும். தீப்பட்ட தோலுக்கும் ஆறாத புண்ணுக்கும் ஒருநாள் பயன்படக்கூடிய ஜெல் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது ரெஜினாவின் கனவு. அதற்கு முதல் படியாக, தாம் செய்த ஜெல்லுக்குள் கலங்கள் கையை நீட்டுவதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் அவர் வருடக்கணக்காகக் காத்திருந்தார்.

இன்னொரு நாள், இந்த ஜெல்லை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள் பார்ப்போம் என்று சீண்டினேன்.

“எங்கப்பா போட்ட இஸ்தோப்பு,” என்றார்.

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பிள்ளைகள் பிறக்கும், அறை வளராது. அதனால் வாசலில் தூண் நட்டு, தகரம் போட்டு, முன்பக்கமாகக் கொஞ்சம் நீட்டிக்கொள்வார்கள். அந்த நீட்டலுக்குத்தான் இஸ்தோப்பு என்று பெயர். நிர்வாகத்துக்கு அது ஆகாது. தொரை பார்த்தால் பிரிக்கச் சொல்வார்.

“எங்கப்பா தகரத்துக்கு ஒரு ஆணி அடிக்க மாட்டாருங்க. பழைய சைக்கிள் டியூப்ப கீத்துக் கீத்தா வெட்டி, அதுல கட்டுவாரு. தொரையோட ஜீப்பு கீழ் ரோட்டுல மொனகுறது கேட்டா போதும், மொத்தத்தையும் அவுத்து லயத்துக்குப் பின்னால புல்லுக்குள்ள போட்டுருவோம். தொரை வந்து பாப்பாரு, ஒண்ணும் இருக்காது. ஜீப்பு போனதும் மறுபடி கட்டிருவோம். நான் ஓ.எல். பரீட்சைக்குப் படிச்சதே அந்த இஸ்தோப்புலதான்.”

“காத்தடிச்சா?”

“ஆடும். ஆனா பிச்சிக்கிட்டுப் போகாது. ஆணி அடிச்ச தகரந்தான் அண்ணே பிச்சிக்கிட்டுப் போகும்.”

“ஆக, சைக்கிள் டியூப் இல்லாம உங்க இஸ்தோப்பே இல்ல. சைக்கிள் டியூப் என்னா? ரப்பர்!” என்று நான் மேசையைத் தட்டினேன். அன்று பின்னேரம் வரை அவர் என்னோடு பேசவில்லை.

இந்தச் சொல் எங்களுக்குள்ளேயே நின்றிருந்தால் பரவாயில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவரின் முன்னால் ரெஜினா ஆங்கிலத்தில் உரையாற்றினார். வேகம் பிடித்தால் அவருக்கு எந்த மொழியில் பேசுகிறோம் என்பது மறந்துவிடும். திரையில் உருண்டை உருண்டையாகக் கலங்களைக் காட்டி, இவற்றால் இன்னும் இஸ்தோப்பு போட முடியவில்லை என்று ஆங்கிலத்தின் நடுவே சொல்லிவிட்டார். வந்தவர் கையை உயர்த்தினார். அந்தக் கலைச்சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா, அதை எப்படி அளக்கிறீர்கள் என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. எங்கள் நுணுக்குக்காட்டிக்கு, அதாவது மைக்ரோஸ்கோப்புக்கு, பொறுப்பான சந்திமா. ரம்புக்கனைச் சிங்களப் பெண். சிங்களத்திலும் அதே சொல், இஸ்தோப்பு அவர் வீட்டிலும் இஸ்தோப்புத்தான். ரெஜினாவோ முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் எழுத்துக்கூட்டிச் சொன்னார். கலத்தின் உடம்பு எவ்வளவு, அதிலிருந்து நீண்ட பகுதி எவ்வளவு, இரண்டையும் ஒப்பிட்டால் இஸ்தோப்பு கிடைக்கும் என்றார். வந்தவர் பத்திரமாகக் குறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்தில் அது உத்தியோகபூர்வமான சொல். ஒவ்வொரு பரிசோதனையின் முடிவிலும் சந்திமா நுணுக்குக்காட்டியில் கண்ணை வைப்பார், மெல்லத் தலையை ஆட்டுவார்.

“இஸ்தோப்பு நே, ரெஜினா.”

சிங்களத்தில் ‘நே’ என்றால் இல்லை. வருடக்கணக்காக நாங்கள் கேட்ட தீர்ப்பு அதுதான்.

அந்தோனியார் திருநாளுக்கு ரெஜினாவை அவருடைய தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பேசக் கூப்பிட்டார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சின்னப் போத்தல் ஒன்றில் கெட்டியான ஜெல். போத்தலைக் கவிழ்த்தாலும் விழாது, அதைக் காட்டிச் சனங்களை அசத்துவதுதான் திட்டம். தெரணியகலை பஸ்ஸை அவர் கணக்கில் எடுக்கவில்லை. விடாமல் குலுக்கினால் அந்த ஜெல்லின் பிடிகள் எல்லாம் விட்டுப்போகும் என்பது அவருக்கே தெரிந்த விஷயம். ஆனாலும் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் பள்ளத்தில் ஏறி இறங்கி வந்தார்.

மேடையில், “பாருங்க, விழாது!” என்று கவிழ்த்தார். பாதி அவருடைய சேலையில் விழுந்தது. மண்டபமே சிரித்தது. முதலில் சிரித்தது அவர்தான். பங்குச் சாமியார் இரக்கப்பட்டு, முதலில் எல்லோரும் தேத்தண்ணி குடிப்போம் என்று அறிவித்தார். மிச்ச ஜெல்லோடு போத்தல் மேசையில் சும்மா இருந்தது. தேத்தண்ணி முடிகிற நேரம், பால்வெட்டும் அக்கா ஒருவர் அதை எடுத்து என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. உதறினார், அப்போதும் விழவில்லை.

“பாத்தீங்களா? பஸ்ல வந்த களைப்பு!” என்று ரெஜினா மேடைக்கு ஓடினார். “ஒக்காந்து ஒரு டீ குடிச்சதும் எல்லாம் கையப் புடிச்சிருச்சி. நம்மள மாதிரித்தாங்க.”

அதன் பிறகு அவர் பேசியதை எல்லோரும் பேசாமல் கேட்டார்கள். முன்வரிசையில் அந்தோனி ஐயா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு கொண்டாட்டத்துக்கு நடுவிலும் கலங்கள் மசியவில்லை. ஜெல்லைக் கொஞ்சம் இறுக்கிச் செய்தால் உள்ளே சுருண்டு கிடந்தன. இளக்கிச் செய்தால் சத்துநீரில் ஜெல் கரைந்து, கலங்கள் அடியில் போய் விழுந்தன. சில மாதங்களுக்கு முன் அப்படி ஒன்று கரைந்த நாளில்தான் ரெஜினா சோர்ந்திருப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். பகல் சாப்பாட்டுக்கு ரொட்டியைப் பிய்த்தபடி, சாப்பிடாமல் இருந்தார். அவரைச் சிரிக்க வைப்பதற்காகத்தான் கேட்டேன்.

“உங்கப்பா தகரத்த அவுத்தாரு, சரி. தொரை வந்தா தூணையுமா புடுங்குவாரு?”

“தூணையா? தூண எப்புடிங்க புடுங்குறது? கித்துல் மரத் தூணு, நட்டது நட்டதுதான். தொரை கேட்டா, துணி காயப்போடுற கம்புன்னு சொல்லுவாரு...”

ரொட்டி கையிலேயே நின்றது.

“மாதாவே!” என்றார். “அண்ணே, தூணு! நான் தூணே நடலயே! எல்லாம் தகரமா கட்டி வச்சிருக்கேன்!”

அவருடைய ஜெல்லில் இருந்ததெல்லாம் விட்டுப் பிடிக்கும் பிடிகள். அவற்றைத் தாங்கி நிற்க, விடாத பிடி ஒன்றிரண்டு வேண்டும். அதாவது, நான் காலமெல்லாம் கட்டிக்கொண்டு அழும் சங்கதி. எழுந்து என் முனைக்கு வந்து, இரண்டு கையையும் ஏந்தி நின்றார்.

“உங்க சரக்குல கொஞ்சம் குடுங்க அண்ணே. கொஞ்சூண்டு. நெறைய குடுத்தீங்கன்னா டயராயிரும்.”

என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கொடுத்ததில்லை. கந்தகம் போட்டால் கலங்கள் செத்துவிடும். வெளிச்சம் பட்டதும் பிணைந்துகொள்ளும் சாதுவான நிரந்தரப் பிணைப்பு ஒன்றை இருவரும் தேடிப் பிடித்தோம். அதில் மிகக் கொஞ்சம் தூணுக்கு, மிச்சமெல்லாம் தகரத்துக்கு. ஜெல் கரையவில்லை. தொட்டால் இளக்கமாகவும் இருந்தது. போன வியாழக்கிழமை அதற்குள் கலங்களை வைத்தார். வெள்ளிக்கிழமை ஊருக்கு பஸ் ஏறப் பையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று உத்தரவு போட்டார்.

“செவ்வாக்கெழம பாப்போம். அதுவரைக்கும் யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. மொதல்ல நான்தான் பாப்பேன். சொல்லிட்டேன்.”

என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சாப்பாடு போட்டுவிட்டு, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, எட்டிப் பார்க்காமல் பெட்டியை மூடினேன். அடக்கம் செவ்வாய்க்கிழமை பின்னேரம் என்றார்கள். அன்று காலை ரயிலில் சந்திமா வந்து சேர்ந்தார். இருவரும் ஆய்வுகூடத்தில், கலங்கள் இருந்த பெட்டிக்கு முன்னால் நின்றோம்.

“அவங்க இல்லாம எப்படி பாக்குறது சிவா?” என்றார் சந்திமா.

“பாக்காம போனோம்னா, சவப்பெட்டிக்குள்ள இருந்து எந்திரிச்சி ஏசுவாங்க.”

சந்திமா அழுதுகொண்டே சிரித்தார். ரெஜினாவின் ஸ்டூலை இழுத்து நுணுக்குக்காட்டிக்கு முன்னால் போட்டோம். கொஞ்ச நேரம் அது காலியாகவே இருந்தது. பிறகு சந்திமா, ஸ்டூலில் உட்காராமல், நின்றபடியே குனிந்து கண்ணை வைத்தார். சரிசெய்தார். மறுபடி பார்த்தார். அவர் தலையை ஆட்டுவார் என்று நான் காத்திருந்தேன்.

“தியெனவா,” என்றார் மெதுவாக. பிறகு கட்டடமே அதிரக் கத்தினார். “தியெனவா, சிவா! இஸ்தோப்பு தியெனவா!”

இருக்கிறது! நான் பாய்ந்து போய்ப் பார்த்தேன். ஓர் உருண்டைகூட இல்லை. எல்லாம் நீண்டு, மெலிந்து, இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. ஒன்று தன் பக்கத்துக் கலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அழுவதாக இல்லை என்று மேலே எழுதியது இந்த இடத்தில் செல்லாது. படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு தெரணியகலைக்குப் புறப்பட்டோம்.

அறைக்குள் இடம் போதாது என்று ரெஜினாவை இஸ்தோப்பில் கிடத்தியிருந்தார்கள். அவர் படித்த அதே இஸ்தோப்பு. இப்போது யாரும் பிரிக்கச் சொல்வதில்லை. இருந்தும் தகரங்களில் ஆணி இல்லை, சைக்கிள் டியூப் கட்டுத்தான். அந்தோனி ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“புள்ளைங்களுக்கு சாப்பாடு போட்டீங்களா தம்பி?”

“போட்டேங்க. அதுங்க இஸ்தோப்பு போட்டுருச்சுங்க.”

படத்தைக் காட்டினேன். கண்ணுக்கு மிக அருகில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

“தூணு எங்க?”

“உள்ள இருக்குங்க. கண்ணுக்குத் தெரியாது.”

“ஆணி?”

“ஒண்ணுகூட இல்லங்க.”

“அப்ப நிக்கும்,” என்றார். போனை வாங்கிக்கொண்டு போய், மகளின் முகத்துக்கு நேரே பிடித்தார். “பாத்துக்கம்மா. ஒன் புள்ளைங்க,” என்றார். சுற்றியிருந்தவர்களுக்கு என்னவென்று விளங்கவில்லை. ஆனாலும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

தூக்கும் நேரம் வந்தது. பெட்டி திரும்புவதற்கு வழி போதவில்லை. யாரோ தகரத்தைப் பிடித்து இழுக்கப் போனார்கள். அந்தோனி ஐயா அவர்களை விலக்கிவிட்டு, பக்கவாட்டுத் தகரத்தின் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, தகரத்தைப் புல்லில் சாய்த்து வைத்தார். திறந்த அந்தப் பக்கமாக ரெஜினா எங்கும் இடிக்காமல் வெளியே போனார். அடக்கம் முடிந்து நாங்கள் திரும்பியபோது, எங்களுக்கு முன்பே வந்துவிட்ட அந்தோனி ஐயா அந்தத் தகரத்தைத் தூணோடு சேர்த்து நிறுத்திக்கொண்டிருந்தார். நான் பிடித்துக்கொண்டேன், அவர் கட்டினார்.

போய் வாருங்கள், ரெஜினா. மேசையின் உங்கள் முனையை யாருக்கும் கொடுக்க மாட்டேன். என் ரப்பர் வாடை அந்தப் பக்கம் வந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு நாளைக்குச் சாப்பாடு நாள், நான் போட்டுவிடுகிறேன்.